மண்வெட்டியருகே வந்தமரும் பறவை

இங்கிலாந்தில் தோட்டவேலை செய்வோருக்கு அழையாமலே வரும் துணை ஒன்று உண்டு. மண்ணைக் கொத்தத் தொடங்கிய சிறிது நேரத்தில், முகமும் நெஞ்சும் செம்மஞ்சளாய் விளங்கும் ஒரு சிறு பறவை வந்து சில அடி தொலைவில் அமரும். தோட்டக்காரர் மண்வெட்டியை மண்ணில் ஊன்றிவிட்டு இளைப்பாறச் சென்றால், அதன் பிடிமேலேயே அமர்ந்துகொள்ளும். ராபின் எனப்படும் இப்பறவையின் எடை ஏறக்குறைய 20 கிராமே. நம் ஊர்த் தோட்டங்களில் இனிமையாகப் பாடும் குண்டுகரிச்சானுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலும் இந்த ராபினின் பெயர் ஒட்டியிருக்கிறது.

ராபின் அடிப்படையில் காட்டுப் பறவை. காட்டுப்பன்றி மூக்கால் நிலத்தைக் கிளறும்போது வெளிப்படும் புழு பூச்சிகளை உண்பதற்காக அதன் பின்னே செல்வது இதன் பழைய வழக்கம். இடைக்காலத்தில் வேட்டையின் மிகுதியால் இங்கிலாந்துக் காடுகளில் பன்றி அற்றுப்போயிற்று. நிலத்தைக் கிளறும் வேலையை மனிதன் தொடர்ந்தான். பறவை அவன் பின்னே வந்தது. பன்றிக்குப் பதிலாகத் தாம் ஏற்கப்பட்டோம் என்பது தோட்டக்காரருக்கு அத்துணைப் பெருமை தரும் செய்தியன்று.

ஆயினும் இவ்விளக்கம் மட்டும் போதாது. ஐரோப்பியப் பெருநிலத்திலும் இதே ராபின் வாழ்கிறது; அங்கும் மண்வெட்டிகள் உண்டு. அங்கோ இப்பறவை பெரும்பாலும் மனிதரைக் கண்டால் மறையும் இயல்பினது. தென் ஐரோப்பாவில் சிறு பறவைகளைப் பிடித்து உண்ணும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இத்தாலியின் பிரெசியா வட்டாரத்தில் வளைத்த வில் போன்ற பொறிகளில் ராபின்களைப் பிடித்து, மக்காச்சோளக் களியோடு பரிமாறினர். இவ்வேறுபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பறவையியலார் கருதுவர்.

பிரிட்டனில் இப்பறவையை முதலில் காத்தது சட்டமன்று, மக்களின் நம்பிக்கை. ராபினுக்குத் தீங்கிழைத்தவன் கை நடுங்கும் என்று ஊர்மக்கள் நம்பினர். ஏசுநாதரின் நெற்றியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது பட்ட குருதியே அதன் நெஞ்சின் நிறம் என்றொரு கதை வழங்கியது. 1595இல் அச்சான ஒரு கதைப்பாட்டு, காட்டில் கைவிடப்பட்டு இறந்த இரு குழந்தைகளின் உடல்களை ராபின்கள் இலைகளால் மூடியதாகக் கூறும். ஸ்காட்லாந்தில், தம் குருவின் வளர்ப்புப் பறவையாகிய ராபினை உடன் பயின்ற சிறுவர் கொன்றுவிட, அதனை உயிர்ப்பித்ததாகப் புனித கென்டிகனைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகிறது. கிளாஸ்கோ நகரச் சின்னத்தில் இன்றும் காணப்படுவது அப்பறவையே. காட்டுப் பறவைகளைக் காக்கும் 1880ஆம் ஆண்டுச் சட்டம் இக்கதைகளுக்கெல்லாம் மிகவும் பிற்பட்டது.

இந்நட்பை உலகறியச் செய்தவர் எழுத்தாளர் பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். கென்ட் மாவட்டத்தில் மேதம் என்னும் மாளிகையை 1898இல் வாடகைக்குக் கொண்ட அவர், மதில் சூழ்ந்த ரோசாத் தோட்டத்தில் அமர்ந்து எழுதுவது வழக்கம். அங்கே ஒரு ராபின் அவரோடு பழகியது. தாம் அசையாது அமர்ந்திருந்தமையே அதன் அச்சத்தைப் போக்கிற்று என்பது அவர் எண்ணம். 1911இல் வெளிவந்த 'மறைவுத் தோட்டம்' என்னும் அவரது நாவலில், பூட்டிய தோட்டத்திற்குச் சிறுமியை அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒரு ராபினே. அப்பறவை உண்மையானதா என்று கேட்ட வாசகருக்கு விடையாக, 1912இல் தனியே ஒரு சிறு நூலையும் எழுதினார். மாளிகையை விட்டு நீங்குமுன் அதனிடம் விடைபெற்ற பகுதி அந்நூலில் மனத்தைத் தொடுவது.

பின்னர் வந்த டேவிட் லாக் இக்கனிவில் மயங்காதவர். டெவன் மாவட்டத்து டார்ட்டிங்டனில் பள்ளி ஆசிரியராயிருந்த அவர், ராபின்களின் கால்களில் வண்ண வளையங்களிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார். 1943இல் வெளிவந்த அவரது நூல் பலருடைய இனிய எண்ணங்களைக் கலைத்தது. மனிதனிடம் இத்துணை மென்மை காட்டும் இப்பறவை, தன் எல்லைக்குள் வேறொரு ராபின் நுழைந்தால் கடுமையாகத் தாக்கும். வெறும் செவ்விறகுக் கற்றையைக் கண்டும் சீறும். மனம் மகிழ்ந்து பாடுவதாக நாம் கருதும் குளிர்காலப் பாட்டும் எல்லையைக் காக்கும் எச்சரிக்கையே. ஆண், பெண் இரண்டும் அவ்வாறு பாடுகின்றன.

அவர் கண்டவற்றுள் தோட்டக்காரரை மிகவும் வருத்தக்கூடியது வேறொன்று. ராபின்களுள் பெரும்பாலானவை இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை. பல்லாண்டுகளாகத் தம் தோட்டத்திற்கு வருவது ஒரே பறவை என்று முதியவர் ஒருவர் எண்ணியிருப்பின், அவர் அறியாமலே ஒன்றன்பின் ஒன்றாகப் பல பறவைகள் அவ்விடத்திற்கு வந்து சென்றிருக்கும். ஒவ்வொன்றும் முதல்நாள் சற்றுத் தொலைவில் அமர்ந்து, அவர் கைகளை உற்று நோக்கி, பின்பே மண்வெட்டியருகே வந்திருக்கும்.