காலி நாற்காலியை ஜெயித்தவர்

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது நான் ஒரு செஸ் கோப்பை வாங்கினேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. இறுதி ஆட்டத்தில் என்னோடு மோத வேண்டிய பையன் வரவில்லை. ஒரு மணி நேரம் எதிரே இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் முடிந்தது. நடுவர் வந்து கை கொடுத்தார். நான் சாம்பியன்!

பஸ் வழியில் ரிப்பேராகி, அந்தப் பையன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தபோது கோப்பை என் கையில் இருந்தது. 'வாழ்த்துகள்ங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கோப்பையை ஷோகேஸில் வைக்க மனசு வரவில்லை. இன்றைக்கும் பரணில்தான் கிடக்கிறது.

கணக்குப் பதிவியலில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. ஒரு தொகை வந்திருக்கும். யார் பேரில் எழுதுவது என்று புரியாது. தற்காலிகமாக இதில் போட்டு வைப்பார்கள். என்றைக்காவது ஒருநாள் அதை உரிய கணக்குக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். அந்தக் கோப்பை என்னுடைய சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

இப்படி ஒரு வெற்றி, செஸ் உலக சாம்பியன் ஒருவருக்கும் வந்து சேர்ந்தது. அவர் என்ன செய்தார்?

வருஷம் 1972. இடம், ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக். சாம்பியன் பெயர் போரிஸ் ஸ்பாஸ்கி. லெனின்கிராட்காரர். 1969-ல் பெட்ரோசியனைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியவர். 1948-ல் தொடங்கி அந்தப் பட்டம் சோவியத் யூனியனை விட்டு வெளியே போனதே இல்லை. செஸ் அவர்களுக்கு விளையாட்டு இல்லை, கௌரவப் பிரச்னை.

எதிரே வந்தவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷர். முந்தின வருஷம் தகுதிச் சுற்றில் டைமனோவை 6-0, லார்சனை 6-0 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தார். அந்த மட்டத்தில் டிராகூட இல்லாத வெற்றி என்பது கேள்விப்படாத சங்கதி. ஆனால் ஒன்று. அதுவரை ஸ்பாஸ்கியை மட்டும் அவரால் ஒருமுறைகூட ஜெயிக்க முடிந்ததில்லை. மோதியது ஐந்து முறை. மூன்றில் ஸ்பாஸ்கி வெற்றி. இரண்டு டிரா.

ஜூலை 1-ம் தேதி தொடக்க விழா. ஃபிஷர் வரவில்லை. பணம் போதாது என்றார். விதிப்படி பார்த்தால் அப்போதே அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். உலக செஸ் அமைப்பின் தலைவர் மேக்ஸ் யூவ் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். ஜிம் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் பணக்காரர், பரிசுத் தொகையான 1,25,000 டாலரை அப்படியே இரட்டிப்பாக்கினார். கிஸிஞ்சர் போன் போட்டு, 'போய் ஆடுப்பா' என்று உற்சாகப்படுத்தினார். ஒருவழியாக மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

ஜூலை 11. முதல் ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், ஓரத்தில் இருந்த சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ஃபிஷர் தன் பிஷப்பைச் சிக்க வைத்தார். தோல்வி. ஸ்பாஸ்கி 1, ஃபிஷர் 0.

அடுத்து வந்ததுதான் விவகாரம். அரங்கில் இருக்கும் படம்பிடிக்கிற கேமராக்களை எடுக்காவிட்டால் ஆட மாட்டேன் என்று ஹோட்டலிலேயே உட்கார்ந்துகொண்டார் ஃபிஷர். ஜூலை 13. மாலை ஐந்து மணிக்கு நடுவர் லோதர் ஷ்மிட் கடிகாரத்தை ஓட விட்டார். ஸ்பாஸ்கி மேடையில். எதிரே காலி நாற்காலி. ஒரு மணி நேரம் ஓடியது. ஃபிஷர் வரவில்லை. ஆட்டம் ஸ்பாஸ்கிக்கு என்று அறிவித்தார் நடுவர்.

2-0. ஒரு காயைக்கூட நகர்த்தாமல் வந்த வெற்றி.

மொத்தம் 24 ஆட்டங்கள். பட்டத்தைத் தக்கவைக்க ஸ்பாஸ்கிக்கு 12 புள்ளி போதும். ஃபிஷரோ ஊருக்குக் கிளம்பும் மனநிலையில் இருந்தார். ஸ்பாஸ்கி செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். அல்லது 'இந்த அவமானத்தை என்னால் பொறுக்க முடியாது' என்று சொல்லிவிட்டு மாஸ்கோ விமானம் ஏற வேண்டும். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாஸ்கோவும் அதைத்தான் விரும்பியது. சோவியத் விளையாட்டுத் துறையின் தலைவர் செர்கெய் பாவ்லோவ் போன் செய்தார். கெடு விதி, ஃபிஷர் ஏற்க முடியாத நிபந்தனை போடு, போட்டி தானாக முறியும் என்பது அவர் கட்சி. நான் ஆடத்தான் போகிறேன் என்பது ஸ்பாஸ்கியின் பதில். அரை மணி நேரம் இரண்டு பேரும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பின்னாளில் ஸ்பாஸ்கியே சொன்னது இது. போனை வைத்த பிறகு மணிக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடந்தாராம். இருக்காதா? சோவியத் யூனியனின் குடிமகனாக இருந்துகொண்டு ஒரு அமைச்சர் மட்டத்து ஆளிடம் முடியாது என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா?

இதோடு நிற்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தை ரசிகர்கள் இல்லாத தனி அறையில் வைத்தால் வருகிறேன் என்று ஃபிஷர் தரப்பு கேட்டது. ஸ்பாஸ்கி அதற்கும் சரி என்றார். ஜூலை 16. மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. உள்ளே நுழைந்த ஃபிஷர் அங்கேயும் ஒரு கேமராவைக் கண்டுபிடித்துக் கத்த ஆரம்பித்தார். இப்படியே போனால் நான் பழைய அரங்குக்கே போகிறேன் என்று ஸ்பாஸ்கி எழுந்துவிட்டார். பாவம் ஷ்மிட், இரண்டு பேரையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அன்றைக்கு ஃபிஷர் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி ஒரு விசித்திரமான ஆட்டம் ஆடினார். ஸ்பாஸ்கி தடுமாறினார். மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஃபிஷர் அவரை ஜெயித்துவிட்டார். அதன்பிறகு மடை திறந்தது. ஐந்தாவது ஆட்டம் முடிந்தபோது சமநிலை. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் ஆடியது அத்தனை அழகு. அரங்கமே எழுந்து கை தட்டியது. தோற்றுப்போன ஸ்பாஸ்கியும் சேர்ந்து தட்டினார்! ஃபிஷருக்கே நம்ப முடியவில்லை.

செப்டம்பர் 1. போட்டி முடிந்தது. 12½ - 8½. பட்டம் அமெரிக்காவுக்குப் போனது. மாஸ்கோவில் கூட்டம் போட்டு, ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று ஸ்பாஸ்கியைக் குடைந்தார்கள். மறு வருஷமே சோவியத் சாம்பியன்ஷிப்பை ஜெயித்துத் தான் யார் என்று காட்டினார். ஆனால் உலகப் பட்டம் அவர் கைக்குத் திரும்பவே இல்லை.

ஸ்பாஸ்கி மகாத்மா ஒன்றும் இல்லை. அதுவரை தன்னை ஜெயிக்காத ஒருவரை எப்படியும் தோற்கடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்திருக்கும். இருக்கட்டுமே. அந்த நம்பிக்கை இருப்பவன்தான் காலி நாற்காலியைப் பார்த்துக் கூச்சப்படுவான். இல்லாதவன் சந்தோஷப்படுவான்.

சும்மா கிடைத்த பட்டம் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1975-ல் ஃபிஷர் தன் நிபந்தனைகள் ஏற்கப்படவில்லை என்று பட்டத்தைக் காக்க வரவே இல்லை. ஆடாமலேயே சாம்பியன் ஆனார் 23 வயது அனடோலி கார்போவ். அவர்மேல் தப்பே கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி அவரைத் துரத்தியது. நான் நிஜ சாம்பியன்தான் என்று நிரூபிப்பதற்காகவே போட்டி போட்டியாகப் போய் ஆடி ஜெயித்துக் குவித்தார்.

காலி நாற்காலி இப்போது இன்டர்நெட்டிலும் வருகிறது. 2020-ல், கொரோனா முடக்கத்தின்போது நடந்த ஆன்லைன் போட்டி. சீனாவின் டிங் லிரனுக்கு நடு ஆட்டத்தில் இணைப்பு அறுந்துபோக, மேக்னஸ் கார்ல்சனுக்கு வெற்றி. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் என்ன செய்தார் தெரியுமா? ஆரம்பித்த சில நகர்த்தல்களிலேயே ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். வரவு, செலவு நேர்!

அப்படியானால் எதிராளியின் தவறால் ஜெயிப்பதெல்லாம் பாவமா? இல்லவே இல்லை. 2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். இதே டிங், கடைசி ஆட்டத்தின் 55-வது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். நம்ம சென்னைப் பையன் குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன். டிரா செய்துவிட்டு டைபிரேக்கருக்குப் போகலாமே என்று இருக்காமல், மணிக்கணக்கில் விடாமல் அழுத்தம் கொடுத்ததால் விழுந்த தவறு அது. சம்பாதித்த காசு. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பலகையில் நடக்கும் தவறு வேறு. பஸ் ரிப்பேர் வேறு.

ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் என்ன ஆனார்கள்? கடைசிவரை நண்பர்கள். 2004-ல், அமெரிக்கா தேடிக்கொண்டிருந்த ஃபிஷரை ஜப்பானில் பிடித்து அடைத்தபோது, ஸ்பாஸ்கி அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். என்னையும் கைது செய்து அதே அறையில் போடுங்கள், ஒரு செஸ் செட்டும் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். ஃபிஷர் 2008-ல் அதே ரெய்க்யவிக்கில் இறந்தார். ஸ்பாஸ்கி 2025 பிப்ரவரியில், 88 வயதில்.

ஆடாமல் வந்த அந்த ஒரு புள்ளி ஸ்பாஸ்கியின் கணக்கில் கடைசிவரை இருந்தது. ஆனால் யாரும் அவரை அதை வைத்து நினைப்பதில்லை. தோற்றுவிட்டுக் கை தட்டினாரே, அதை வைத்துத்தான் நினைக்கிறார்கள்.

எனக்கு அன்றைக்கு அந்தப் பையனைக் கூப்பிட்டு, 'வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்' என்று சொல்லத் தோன்றவில்லை. நடுவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். தோற்றிருந்தாலும் இந்நேரம் பரணில் இடம் மிச்சமாகியிருக்கும்.