சோர்ந்த மனமும் தேறும்



“இவன் தஞ்சோங் ரம்புத்தான் போக வேண்டிய ஆள்!” என்று பிறரைக் கேலி செய்வதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஈப்போவுக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் எப்படி வசைச்சொல் ஆயிற்று?

1911-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியின்போது, அங்கே பெரிய மனநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அன்று மனநோய்க்குத் தக்க மருந்து இல்லை. நோயாளியை ஊரிலிருந்து பிரித்துக் காவலில் வைப்பதே வழக்கம். போனவர்களில் பலர் நெடுங்காலம் அங்கேயே தங்க நேர்ந்தது. ஆகவே மக்கள் அஞ்சினார்கள், நோயை மறைத்தார்கள்.

அப்படி மறைக்கப்பட்ட நோய்களுள் ஒன்று மனச்சோர்வு. துக்கம் எல்லார்க்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இருண்டு கிடந்தால், உறக்கமும் பசியும் கெட்டால், பிடித்த காரியத்திலும் நாட்டம் இல்லாவிட்டால், அது நோய். விடியற்காலையில் பெரட்டுக்கு எழ முடியாமல் படுத்திருந்தவரை அன்று சோம்பேறி என்றோம். பேய் பிடித்தது என்றும் சொன்னோம்.

இந்த நோய்க்கு மருந்து கிடைத்தது தற்செயலாகத்தான். 1952-இல் நியூயார்க் நகரில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள். வாடிக் கிடந்தவர்களின் மனமும் மலர்வதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1957-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மற்றொரு மருந்து மனச்சோர்வைத் தணிப்பதாக எழுதினார். சோர்ந்த மனத்தையும் சிகிச்சையால் தேற்றலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது.

நம் நாட்டிலும் மாறுதல் வந்தது. 1958-இல் பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு தொடங்கியது. 1970-களில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை ‘பஹாகியா’ என்று பெயர் பெற்றது. மலாய் மொழியில் அதற்கு மகிழ்ச்சி என்பது பொருள். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டது. மருத்துவமனை பெயரை மாற்றிக்கொண்டது, சட்டமும் மாறியது. நம் பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

ஆகவே, வீட்டில் ஒருவர் சோர்ந்திருந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? கடிந்து பேசாமல், அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்போம். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு நாமே உடன் அழைத்துச் செல்வோம். மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அதன் பலன் தெரிய இரண்டு, மூன்று வாரங்களாவது ஆகும், அதற்குள் கைவிடலாகாது. சிலருக்கு மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவதே சிகிச்சையாகும். வேளைக்கு உணவு, மாலையில் சிறிது நடை, உறவினர் துணை ஆகியவையும் உதவும். “வாழப் பிடிக்கவில்லை” என்று அவர் சொன்னால், தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் பூட்டி வைப்போம்.

காய்ச்சல் கண்டவரை நாம் கேலி செய்வதில்லை. மனம் சோர்ந்தவருக்கும் அந்த நியாயமே பொருந்தும்.