உத்திரத்தில் ஓர் ஊர்ப்பெயர்

நேமத்தான்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்த ஒரு நகரத்தார் வீட்டின் இரண்டாங்கட்டில்தான் நான் முதன்முதலாக ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாடப்புத்தகத்தில் அன்று, தலைக்குமேல் ஓடிய ஓர் இரும்பு உத்திரத்தில். பொங்கலுக்கு முன்பு அவ்வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பொறுப்பு என் தாத்தாவுக்கு உரியது. அவர் கொத்தனார். ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னை அழைத்துப்போவார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

பச்சை வர்ணம் பல அடுக்காகப் பூசப்பட்டிருந்த அந்த உத்திரத்தின் நடுப்பட்டையில் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகக் கூட்டி, "டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து" என்று படித்து முடிக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது.

"தாத்தா, இதுல மிடில்ஸ்பரோன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் இல்லடா. பர்மிங்காம் இரும்பு அது. எங்க காலத்துல எல்லா இரும்பும் பர்மிங்காம்தான்."

தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 1920களில் அதே வீட்டின் கட்டுமானத்தில் கைப்பிள்ளையாக நின்றவர். அந்த உத்திரம் மேலேறியதைக் கண்ணால் பார்த்தவர். எனவே நான் எழுத்தை நம்பாமல் அவரை நம்பினேன். அத்தோடு இன்னொரு பிழையும் என் மனத்தில் குடியேறியது. ஊரில் பெரியவர்கள் வாயைத் திறந்தால் பர்மா, இரும்பென்றால் பர்மிங்காம். ஆகவே பர்மிங்காம் என்பது பர்மாவில் ஓர் ஊர், ரங்கூனுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தப் பிழை நீங்கியது. இப்போது நினைத்துப் பார்க்கையில் அது முழுப்பிழையா என்றே ஐயம் எழுகிறது.

பர்மிங்காம் பெயர்பெற்றது திருகாணி, பேனா முள், பித்தளைச் சாமான் போன்ற சிறு உலோகப் பொருள்களுக்கு. செட்டிநாட்டார் அவ்வூர்ப் பெயரை இரும்புக்கே பொதுப்பெயராக ஆக்கிக்கொண்டனர். (அவ்வூருக்கும் நமக்கும் பின்னாளில் நேரடியாகவே உறவு ஏற்பட்டது. மௌல்மேனில் வட்டித்தொழில் நடத்திய பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் குடும்பத்தார் 1949இல் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கினர். எங்கள் ஊர் வாத்தியார்கள் ஏறிவந்த ஹெர்குலிஸ் வண்டியின் பூர்விகம் பர்மிங்காம்தான்.) ஆனால் வீடு தாங்கும் பெரிய உத்திரங்கள் வேறோர் ஊரிலிருந்து வந்தன. அந்த ஊரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மிடில்ஸ்பரோ இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில் உள்ளது. 1801ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அங்கிருந்தவர் இருபத்தைந்து பேர். ஒரு பண்ணை, அவ்வளவுதான். 1829இல் ஜோசப் பீஸ் என்பவரும் கூட்டாளிகளும் நிலக்கரி ஏற்றுமதிக்காக அந்த நிலத்தை வாங்கினர். மறு ஆண்டே ரயில்பாதை வந்தது. 1850இல் பக்கத்து எஸ்டன் குன்றுகளில் இரும்புத்தாது கண்டறியப்பட்டது. 1901இல் மக்கள்தொகை தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவ்வூர்த் தாதுவில் பாஸ்பரஸ் அதிகம். ஆகவே நல்ல எஃகுக்கு உதவாது என்று ஒதுக்கியிருந்தனர். 1879இல் தாமஸ், கில்கிறிஸ்ட் என்னும் இருவர் கண்ட முறை அக்குறையைத் தீர்த்தது. அதன்பின் அங்கே எஃகு பெருக்கெடுத்தது. 1875இல் தோன்றிய டார்மன் லாங் நிறுவனம் உருளைகளுக்கிடையே பழுக்கக் காய்ச்சிய எஃகைச் செலுத்தி உத்திரங்களாக இழுத்தது. உருளையிலேயே பெயரை வெட்டி வைத்திருப்பார்கள். எஃகு நழுவி வெளிவரும்போது எழுத்து புடைப்பாகப் பதிந்துவிடும். நான் படித்தது அப்படிப் பதிந்த எழுத்து. 1932இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலமும் அந்நிறுவனத்தின் படைப்பே. அதன் எஃகில் பெரும்பகுதி மிடில்ஸ்பரோவிலிருந்து கப்பலேறியது. ஆக, எங்கள் தெருவில் ஆச்சிமார் முறுக்குச் சுற்றிய கூடத்துக்கு மேலே கிடந்தது அப்பாலத்தின் உடன்பிறப்பு.

பட்டினப்பாலை நடத்தும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களை உருத்திரங்கண்ணனார் அடுக்கும்போது காழகத்துப் பொருளையும் சொல்கிறார். அதற்குக் கடாரம் என்று பொருளுரைக்கிறார் நச்சினார்க்கினியர். அப்பொருள்மீது சுங்கத்தார் புலிப்பொறி இடுவதையும் புலவர் மறக்கவில்லை. தம் முன்னோர் அப்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது நகரத்தார் மரபு. பொறி மாறிற்று, கடலும் கணக்கும் தொடர்ந்தன என்று மாணவர்களிடம் சொல்வேன்.

அந்தக் கணக்கைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை. இன்று செட்டிநாட்டுக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டிகள் ஒரு மந்திரம் ஓதுகிறார்கள்: பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பின்பு இம்மந்திரத்தின் ஓசை இன்னும் கூடிவிட்டது. அதில் ஊர்ப்பெயர்கள் உண்டு, மனிதர் இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் வண்ணக்குழம்பை ஊற்றி மணலும் சிமெண்டுமாய்ப் பூக்கல் செய்தவன் இல்லை. சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் அரைத்துச் சுவரைக் கண்ணாடியாய்த் தேய்த்தவன் இல்லை. என் தாத்தாவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஐராவதி டெல்டா நெல். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகப் பெருகக் காடு வயலாகியது. காடு திருத்தும் குடியானவனுக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் தரவில்லை. கிட்டங்கியில் மேசைப்பெட்டியோடு அமர்ந்திருந்த நம்மூர் மேலாள் தந்தார். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன; முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டனர். அந்த வட்டியில்தான் வளவுகளும் பட்டாலைகளும் எழுந்தன. பர்மாவின் நெல் எங்கள் ஊரில் மிடில்ஸ்பரோவின் உத்திரமாக நின்றது. பர்மிங்காம் பர்மாவில் இருக்கிறது என்று நான் நினைத்ததை இதனால்தான் முழுப்பிழை என்று சொல்லத் தயங்குகிறேன்.

1930இல் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத குடியானவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர் வசம் வந்தன. அவ்வாண்டு கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து. நிலத்தை விரும்பிப் பெற்றவர்கள் அல்லர் அவர்கள், ரொக்கமே வேண்டியவர்கள். ஆயினும் நிலமிழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அதே 1930லேயே சாயா சான் தலைமையில் கலகம் மூண்டது. எங்கள் ஊர்க் கதைகளில் 1942இல் ஜப்பானியர் வந்ததும், காடும் மலையுமாய் நடந்துவந்ததும், 1948இன் நிலச்சட்டமும், 1963இல் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதும் விரிவாக உண்டு. 1930க்கும் 1938க்கும் இடைப்பட்டவை மட்டும் இல்லை. அவ்விடத்தில் கதை சொல்பவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடத் தொடங்கிவிடுவார்.

தாத்தாவிடம் வேறொரு கணக்கு இருந்தது. உத்திரத்தை ஏற்றிவர ஒரு மாட்டுவண்டி போதவில்லை. இரண்டு வண்டிகளை முன்னும் பின்னுமாகப் பிணைத்துக் கொண்டுவந்தார்களாம். கம்பங்களை நட்டு, சங்கிலியும் வடமும் போட்டு, இருபது பேர் இழுத்து ஏற்றினார்கள். பாதி உயரத்தில் வடம் நழுவியது. கீழே நின்ற ஒருவருக்குக் கால் போயிற்று. வீட்டுக்காரர் அவருக்கு ஒரு பருவத்துக்கு நெல் அளந்தார். அதன்பின் அவர் எங்கே போனார் என்று தாத்தா சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. தாத்தா 1992இல் காலமானார். கேட்காமல் விட்டதை எண்ணி இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

2019இல் அவ்வீட்டைப் பிரித்தார்கள். பங்காளிகள் பெருகி, புள்ளிக்கு ஒரு அறைகூட வராத நிலை. சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில். பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதில் ஒற்றுமை வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒழுகும் வீட்டில் குடியிருக்காதவன் பாரம்பரியம் பேசுவது எளிது. தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. மங்குச் சாமான்களுக்கும் ஆள் வந்தது. எஃகு உத்திரத்துக்கு மட்டும் பழம்பொருள் மதிப்பு கிடையாதாம், எடைக்குத்தான் எடுப்பார்கள்.

மிடில்ஸ்பரோக்காரர்களுக்கும் ஏறக்குறைய இதே அனுபவம் காத்திருந்தது. 2015இல் பக்கத்து ரெட்கார் ஊரின் ஊதுலை அணைந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். 1950களில் கட்டப்பட்டு, டார்மன் லாங் என்ற பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கிநின்ற நிலக்கரிக் கோபுரத்துக்கு 2021 செப்டம்பரில் பாதுகாப்புச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. சில நாளிலேயே அமைச்சர் அதை நீக்கினார். 19ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தனர். படங்களில் பார்த்தேன். அந்த எழுத்து எனக்கும் தெரிந்த எழுத்து. அங்கே கூடிநின்று பார்த்தவர்களுக்கு நேமத்தான்பட்டி என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

உத்திரத்தை வாயுத்தீயால் துண்டாக்கிக்கொண்டிருந்த பையனிடம் எழுத்துள்ள பகுதியை மட்டும் எனக்குத் தரும்படி கேட்டேன். "எந்த எழுத்து சார்?" என்றான். நான் காட்டுவதற்குள் தீ நடுவில் ஓடிவிட்டது. ஊர்ப்பெயரின் பின்பாதி லாரியில் ஏறிவிட்டிருந்தது. முன்பாதியைக் கிலோக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிவந்தேன்.

இப்போது அது மொட்டைமாடியில் கிடக்கிறது. கோடையில் கூழ்வடகம் காயவைக்கும்போது துணி பறக்காதிருக்க அம்மா அதைத்தான் ஓரத்தில் வைக்கிறார். "அந்தப் பர்மிங்காம் கட்டிய எடுத்துக்கிட்டு வாப்பா" என்பார். நான் திருத்துவதில்லை.