ஒரே வாரத்தில் சரிந்த 304 ஆண்டு அரியணை

ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் ஏன் பதவி இழந்தார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் "ரஸ்புடின், டீச்சர்!" என்பார்கள். கதை சுவாரஸ்யமானதுதான். ஆனால் ரஸ்புடின் கொல்லப்பட்டது 1916 டிசம்பரில். அதற்குப் பிறகும் மன்னர் மாறவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியணை போய்விட்டது. அப்படியென்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும், இல்லையா?

முதலில் 1905-ஐ நினைவுபடுத்துங்கள். மனு கொடுக்க வந்த தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள், நாடே கொந்தளித்தது. அப்போதும் நிக்கோலஸ் தப்பித்தார். எப்படி? ஜப்பானோடு நடந்த போரை முடித்துக்கொண்டார்; டூமா என்ற நாடாளுமன்றத்தைத் தருவதாக வாக்களித்தார்; ராணுவத்தின் பெரும்பகுதி அவர் பக்கம் நின்றது. ஆபத்து நீங்கியதும் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க ஆரம்பித்தார். முதல் டூமா மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. இரண்டாவதையும் 1907-ல் கலைத்து, தேர்தல் சட்டத்தையே மாற்றினார்.

1914-ல் உலகப் போர் வந்தது. சுமார் 15 மில்லியன் பேர் படைக்குத் திரட்டப்பட்டார்கள். 1915-ல் ரஷ்யப் படை பின்வாங்கிக்கொண்டே இருந்தபோது, நிக்கோலஸ் தானே தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்று மொகிலேவ் தலைமையகத்துக்குப் போனார். அமைச்சர்கள் பலர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. அதுவரை தோல்விக்குத் தளபதிகளைக் குறை சொல்லலாம். இனி எல்லாப் பழியும் மன்னர் தலையில்தான்! தலைநகர் பெட்ரோகிராடில் அரசியின் கை ஓங்கியது. அவர் பிறப்பால் ஜெர்மானியர் என்பதால் மக்களிடம் சந்தேகம் வேறு. ஒன்றரை ஆண்டுக்குள் நான்கு பேர் பிரதமர் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். மக்கள் நம்பக்கூடிய ஓர் அமைச்சரவை வேண்டும் என்று டூமா உறுப்பினர்கள் கேட்டார்கள். அதற்கும் மன்னர் இணங்கவில்லை.

இப்போது ரொட்டிக்கு வருவோம். நாட்டில் தானியமே இல்லை என்று மாணவர்கள் எழுதினால் திருத்துங்கள். தானியம் இருந்தது, நகரத்துக்கு வந்து சேரவில்லை. ரயில்கள் போருக்கு ஓடின. பணத்தின் மதிப்பு விழுந்ததால் விவசாயிகள் விற்கத் தயங்கினார்கள். கடுங்குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் பெண்கள். 1917 மார்ச் 8, அனைத்துலகப் பெண்கள் தினத்தன்று, நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள்.

(ஒரு குறிப்பு: ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. அங்கே அன்று பிப்ரவரி 23. அதனால்தான் இது 'பிப்ரவரி புரட்சி'.)

கூட்டத்தை அடக்கச் சொல்லி மன்னர் தந்தி அடித்தார். மார்ச் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். திருப்பம் மறுநாள் காலையில்தான். முந்தின நாள் சுட்ட வோலின்ஸ்கி படைப்பிரிவு வீரர்களே, "இனி சுட மாட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். மற்றப் படைப்பிரிவுகளும் சேர்ந்துகொண்டன. 1905-ல் அவரைக் காப்பாற்றிய துப்பாக்கி 1917-ல் கைகொடுக்கவில்லை. சீருடை போட்டவர்களில் பலர் நேற்றுவரை விவசாயிகளும் தொழிலாளர்களும்தானே! வரிசையில் நின்றது அவர்கள் வீட்டுப் பெண்கள்.

தலைநகருக்குத் திரும்ப முயன்ற மன்னரின் ரயில் வழிமறிக்கப்பட்டு, ப்ஸ்கோவ் நகரில் நின்றது. போர்முனைத் தளபதிகளிடம் கருத்துக் கேட்டார்கள். பதவி விலகுவதே நல்லது என்று தந்திகள் வந்தன. மார்ச் 15 அன்று கையெழுத்திட்டார். மகனுக்கு ரத்தம் உறையாத நோய் இருந்ததால் தம்பி மிகைலைக் கைகாட்டினார். தம்பி மறுநாளே மறுத்துவிட்டார். 1613-ல் தொடங்கிய ரோமனோவ் ஆட்சி அதோடு முடிந்தது.

ஆக, போர் மட்டும் காரணமா? பசி மட்டுமா? இரண்டும் சுமையை ஏற்றின. ஆனால் சுமையைப் பகிர்ந்துகொள்ள யாரையும் மன்னர் அனுமதிக்கவில்லை. அதனால் சரிந்தபோது தாங்கிப் பிடிக்கவும் யாரும் வரவில்லை.

வகுப்பில் கேட்க மூன்று கேள்விகள்:

1. 1905-ல் தப்பித்தவர் 1917-ல் ஏன் தப்பவில்லை? அட்டவணை போட்டு ஒப்பிடுக.
2. 1915-ல் டூமாவின் கோரிக்கையை மன்னர் ஏற்றிருந்தால் என்ன மாறியிருக்கும்?
3. சுட மறுத்த வீரரின் இடத்தில் நீங்கள் இருந்தால்?

மூன்றாவது கேள்விக்கு நேரம் கொடுங்கள். வகுப்பு கொஞ்சம் அமைதியாகும், பரவாயில்லை, யோசிக்கட்டும்.