பெயர் தெரியாத சிற்றுருவங்களும் அவற்றின் மூலப்படங்களும்: செமோர் வட்டாரத்தை முன்வைத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் செல்லும் வழியில் உள்ள செமோரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் வாழ்க்கை பெருமளவு மறைந்துவிட்டது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும் அதற்குப் பின் வந்த நில மேம்பாடும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களைக் கலைத்தபோது, குடும்பங்கள் சாமிப் படங்களோடும் பித்தளைப் பாத்திரங்களோடும் கையடக்கப் பொம்மைகளையும் எடுத்துச் சென்றன. சுடுமண், பிளாஸ்டர், காரீயம், பிளாஸ்டிக் எனப் பலவகையான இவற்றில் வரலாற்று மாந்தர் உருவங்களும் உண்டு. பீடத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் அரிது. பெயரறிந்த மூத்தவர் மறைந்ததும் பொம்மை அநாதையாகிறது. இத்தகைய உருவத்துக்குப் பெயரிட முனைவோர் பெரும்பாலும் அதன் உடையை வரலாற்று நூல்களோடு ஒப்பிடுகின்றனர். அந்த வழி அடிப்படையிலேயே தவறானது என்பது இக்கட்டுரையின் வாதம். பொம்மை செய்தவர் கட்டபொம்மனையோ வள்ளுவரையோ கண்டவரல்லர். அவர்களைக் காட்டிய ஏதோ ஒரு படத்தைக் கண்டவர். அந்த மூலப்படத்தைத் தேடிப் பிடித்தால்தான் பெயரும், பெயரைவிட அரிதாகக் கிடைக்கும் காலமும் நம் கைக்கு வரும்.

இதற்குத் தெளிவான சான்று வள்ளுவர் உருவம். நாம் இன்று கண்டதும் அறிந்துகொள்ளும் வள்ளுவர், தாடியும் முடிந்த சடையும் எழுத்தாணியும் ஏடுமாக அமர்ந்திருப்பவர், கே. ஆர். வேணுகோபால் சர்மாவின் ஓவியத்திலிருந்து பிறந்தவர். 1960இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட அஞ்சல்தலையும், 1964இல் சென்னைச் சட்டமன்றத்தில் நடந்த படத் திறப்பும் அவ்வுருவத்தை ஒரே உருவமாக நிலைநிறுத்தின. அதற்கு முன் நிலையான வடிவம் இருந்ததில்லை. சென்னை ஆட்சியராக இருந்த எல்லிஸ் காலத்தில் அங்குள்ள நாணயச்சாலையில் அடிக்கப்பட்டதாகக் கருதப்படும் தங்கக் காசு அவரைக் குடையின் கீழ் அமர்ந்த துறவியாகக் காட்டுகிறது. எனவே சர்மாவின் வள்ளுவரை ஒத்த பிளாஸ்டர் பொம்மை ஒரு தமிழ்ப்பள்ளி அலமாரியில் எத்தனை பழுப்பேறிக் கிடந்தாலும், அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது என்று எவரும் சொல்ல முடியாது. இடை ஒசிந்து, மூன்று விரல் உயர்த்தி நிற்கும் வள்ளுவரின் மூலம் கணபதி ஸ்தபதி வடித்து 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடிச் சிலை. அந்தச் சாயலில் அமைந்த சிற்றுருவம் இன்னும் இளையது. இரண்டும் வள்ளுவர்தாம், ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கும் மேலான இடைவெளி இருக்கிறது. முகத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த இடைவெளி புலப்படாது.

கட்டபொம்மன் இன்னும் சிக்கலானவர். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரரின் தோற்றம் எப்படியிருந்தது என்பதற்கு உறுதியான ஓவியச் சான்று நம்மிடம் இல்லை. தமிழர் மனத்தில் நிற்கும் முறுக்கிய மீசையும் தலைப்பாகையும் நிமிர்ந்த மார்பும் பி. ஆர். பந்துலு இயக்கி 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் தந்தவை. அது வண்ணப்படம் என்பது இங்கே முக்கியம். பொம்மைக்காரர் உருவத்தோடு உடையின் நிறங்களையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் மீசையும் வாளும் கொண்ட சிற்றுருவம் எல்லாம் கட்டபொம்மன் ஆகிவிடாது. தோட்டத்துக் கோயில்களின் காவல் தெய்வமான மதுரை வீரனும் அதே மிடுக்கோடுதான் நிற்கிறார். இங்கே மீசை உதவாது. உடன் இருப்பவர்களே உதவுவர். பொம்மியும் வெள்ளையம்மாளும் இருபுறம் நின்றாலோ, அவர்கள் நின்ற சுவடு பீடத்தில் தெரிந்தாலோ அது வீரன். தனியுருவமாக இருந்தால் பீடத்தின் அடியில் எண்ணெய், குங்குமம், கற்பூரப் புகை ஆகியவற்றின் படிவைத் தேட வேண்டும். வழிபாட்டில் இருந்த உருவமா, அலமாரியில் இருந்த உருவமா என்பதை அந்தப் படிவு சொல்லிவிடும்.

திரைப்படத்தை எல்லைக்கல்லாக வைப்பது பிழை என்று ஒருவர் மறுக்கலாம். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில் சிவாஜி 1957 முதலே அவ்வேடம் கட்டினார். அதற்கும் முன்பே கதைப்பாடலும் கூத்தும் கட்டபொம்மனை ஊர் ஊராகக் கொண்டு சென்றிருந்தன. இந்த மறுப்பில் உண்மை உண்டு. எனினும் கூத்துவேடம் ஊருக்கு ஊர், ஆட்டக்காரருக்கு ஆட்டக்காரர் மாறுவது. அச்சில் வார்த்து நூற்றுக்கணக்கில் விற்கும் பொம்மைக்கு வாங்குபவர் எல்லாரும் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும் தோற்றம் வேண்டும். கடல் கடந்து பேராக் வரை அப்படியொரு தோற்றத்தைக் கொண்டுவரும் ஆற்றல் மேடையைவிடத் திரைக்கே அதிகம். ஆகவே 1959 என்பதை உறுதியான ஆண்டாகக் கொள்ளாமல், வலுவான அனுமானமாகக் கொள்வதே முறை.

சீருடை அணிந்த உருவங்களில் வேறொரு தவறு நேர்கிறது. தலைப்பாகை கட்டிய காரீயச் சிப்பாய் ஒன்று பேராக்கில் கிடைத்தால், உடனே ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ படையைச் சேர்ந்தவன் என்று பெயர் சூட்டத் தோன்றும். அப்படை 1896இல் தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு உருவாகி 1919இல் கலைக்கப்பட்டது. சீக்கியர்களே அதில் பெரும்பான்மை. பொருத்தம் கச்சிதமாகத் தெரிகிறது. ஆனால் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையை அறிமுகப்படுத்திய லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனம் இந்தியப் படைப்பிரிவுகளின் உருவங்களை உலகச் சந்தைக்கு வார்த்துத் தள்ளியது. ஒரே அச்சில் வார்த்த உருவம் சட்டையின் நிறம் மாறியதும் வேறொரு படைப்பிரிவாக விற்பனைக்குப் போனது. அச்சு, வண்ணம், பெட்டியின் மேலிருந்த பெயர் மூன்றும் சேர்ந்தே ஒரு சிப்பாயின் அடையாளம். பெட்டி தொலைந்து, வண்ணமும் உதிர்ந்த பின் அச்சு மட்டும் ஒரு படையின் பெயரைச் சொல்லாது. பீடத்தில் பொறித்த ஆண்டும் வடிவமைப்பு உரிமையைக் குறிப்பது, வார்த்த ஆண்டை அன்று.

இப்படிக் கிடைத்த இடத்தைப் புறக்கணிப்பது அகழாய்வின் அடிப்படைக்கே முரண் அல்லவா என்ற கேள்வி நியாயமானது. கிடைத்த இடம் பெரிய சான்றுதான். ஆனால் அந்தப் பொம்மையோடு யார் வாழ்ந்தார்கள் என்பதற்கே அது சான்று. காக்கி உடையும் மடிப்புத் தொப்பியும் அணிந்த உருவத்தை எடுத்துக்கொள்வோம். வட்டக் கண்ணாடியும் உயர்ந்த பூட்சும் இருந்தால் அது 1943 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அதற்கு முந்தைய படங்களில் அவர் வேட்டியும் காந்தித் தொப்பியுமாகவே பெரிதும் காணப்படுகிறார். கண்ணாடி இல்லையென்றால் அது பெயரில்லாத ஒரு படைவீரனாக இருக்கலாம், வெறும் காவலர் பொம்மையாகவும் இருக்கலாம். ஆனால் தோட்டத்திலிருந்து அப்படையில் சேர்ந்த ஒருவரின் வீட்டில் அதை ‘நேதாஜி’ என்றே அழைத்திருந்தால், அந்தப் பெயரை அறியாமை என்று தள்ளிவிடும் உரிமை ஆய்வாளருக்குக் கிடையாது. செய்தவர் வைத்த பெயர் ஒன்று, வைத்திருந்தவர் வழங்கிய பெயர் இன்னொன்று. பட்டியலில் இரண்டும் தனித்தனியே இடம்பெற வேண்டும். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதினால் மலாயாத் தமிழரின் அரசியல் நினைவுக்கான ஒரு சான்றை நாமே அழித்தவர்களாவோம். என் பார்வையில் இரண்டாவது பெயரே விலைமதிப்பற்றது. முதலாவதை நிறுவனப் பட்டியல்களைப் புரட்டி என்றேனும் மீட்கலாம். இரண்டாவது ஒரு மூதாட்டியின் மறைவோடு போய்விடும்.

செமோரிலும் சுற்றுவட்டாரத்திலும் இத்தகைய பொம்மைகளை வைத்திருப்போர் அவற்றுக்குப் புதுவண்ணம் பூசாதிருக்க வேண்டும். பீடத்தின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். வீட்டில் அவை எப்பெயரால் அழைக்கப்பட்டன என்பதை மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே இன்றே எழுதி வைக்க வேண்டும்.