மலைவழியும் வழித்துணையும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே நோக்குவார்க்கு ஆனைமலைத் தொடர் வானத்தை மறித்து நிற்பதாகத் தோன்றுமாயினும், இப்பிரதேசத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே ஆராய்வோமானால், அம்மலை மனிதருக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை என்பதும், கூட்டமாகக் கூடி நடந்தவர்களின் கால்களே அதன் வழிகளைச் சமைத்தன என்பதும் இனிது விளங்கும்.

சின்னாற்றைக் கடந்து மறையூரை அடைவோர் அங்குள்ள பாறைகளின்மீது முனியறைகள் எனப்படும் கல்திட்டைகளைக் காணலாம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய அப்பெருங்கற்காலச் சின்னங்கள், மிகப் பழைய காலத்திலேயே அம்மேட்டுநிலத்தில் மக்கள் நிலைபெற்றிருந்தமைக்குச் சாட்சியாக நிற்கின்றன. பிற்காலத்தில் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்த அஞ்சுநாட்டில் தமிழ்க்குடிகள் வாழ்ந்து வர, அவர்களுக்குச் சமவெளியின் வாயிலாக அமைந்தது உடுமலையே.

பக்தியும் வழி சமைத்தது. அமணலிங்கேசுவரர் எழுந்தருளியுள்ள திருமூர்த்திமலைக்கு ஆடி அமாவாசையன்று சுற்றுக் கிராமத்தார் மாட்டுவண்டி பூட்டிக் குடும்பம் குடும்பமாகச் செல்வதும், மகாசிவராத்திரிக்குப் பூலாங்கிணற்றிலிருந்து திருச்சப்பரம் அங்கே கொண்டு செல்லப்படுவதும், அடியார்கள் மேலேறிப் பஞ்சலிங்க அருவியில் நீராடுவதும் இந்நாட்டின் சம்பிரதாயங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இம்மலைகளில் பிரவேசித்தனர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியை 1862-இல் டக்ளஸ் ஹாமில்டன் அடைந்தார் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே அக்காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த மலைமக்களின் பெயர்களை எழுதிவைத்தார் இல்லை. பிற்காலத்தில் தேயிலையால் புகழ்பெற்ற கண்ணன் தேவன் மலைகள் மட்டும், அஞ்சுநாட்டுத் தலைவரொருவரின் பெயரையே தாங்கியவை என்று வழங்கப்படுகின்றன.

1976-இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டு, 2007-இல் அது புலிகள் காப்பகமாகவும் ஆகியபின், நினைத்தவர் நினைத்தபடி காட்டுக்குள் நுழையும் வழக்கம் நியாயமாகவே ஒழிந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்துக்குப்பின், அனுமதியும் வழிகாட்டியும் இன்றி எக்குழுவும் மலையேறலாகாது என அரசு விதி வகுத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகள் திறக்கப்பட்டபோது, சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை செல்லும் பாதையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. நட்சத்திர ஆமையும் சாம்பல்நிற மலையணிலும் வாழும் அந்த மழைமறைவுக் காட்டில் நடக்க விரும்பும் அன்பர்கள், மலைவாழ் இளைஞர்களை முன்னே விட்டுப் பின்தொடர்கின்றனர். இதனைப் புதிய ஏற்பாடென்று கருதாமல், கூட்டமாகக் கூடி நடந்த பண்டை முறையின் புத்துயிர்ப்பென்றே நான் கருதுகிறேன்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. நமக்கு உல்லாசமான ஒற்றையடிப் பாதை, குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு முதலிய குடியிருப்புகளின் புலையர்க்கும் முதுவர்க்கும் வாழ்வின் நரம்பு. நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறங்கியதும் அத்தகைய பாதைகளில்தான். எனவே குழுவாகக் கூடி நடப்போர் தம் உடல்நலத்தையும் இயற்கைக் காட்சியையும் மாத்திரம் நாடாமல், தமக்கு வழிகாட்டியவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, தம் குறிப்புகளில் எழுதிவைத்து, அவர்கள் கேட்கும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் தம் குரலையும் சேர்ப்பார்களாயின், நம் மலைகளின் சரித்திரம் இதுவரை செய்துவந்த பெரும் அநீதியொன்று இத்தலைமுறையில் ஓரளவேனும் திருத்தப்படும்.