‘ஆண்’ என்ற சொல்லை எடுத்த திருத்தம்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுச் சரக்கு. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு 1860இல் எழுதினதைப் பார்த்து இங்கேயும் ஒன்றைச் செய்து வைத்தான். அதில் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவு பற்றியது, பத்து வருசம் வரை சிறை. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது 365அ. ஆண்கள் தங்களுக்குள் ‘மிக இழிவான’ செயலில் ஈடுபட்டால் இரண்டு வருசம் வரை. எது இழிவான செயல் என்று சட்டம் எங்கேயும் விளக்கவில்லை. அது பொலிஸ்காரனின் கற்பனைக்கு விடப்பட்டது.

பெண்களை அந்தப் பிரிவு தொடவில்லை. கருணையால் இல்லை, பெண்ணும் பெண்ணும் என்று ஒரு விசயம் இருக்கும் என்றே அந்தக் காலத்து ஆக்கள் யோசிக்கவில்லை என்பது என் ஊகம்.

இனித்தான் கதை. 1995இல் சட்டக்கோவையின் பாலியல் குற்றப் பகுதி திருத்தப்பட்டது. உண்மையில் நல்ல திருத்தம் அது. பெண்பிள்ளைகளின் சம்மத வயது 12இலிருந்து 16ஆக உயர்ந்தது, பாலியல் தொந்தரவு தனிக் குற்றமானது. பெண்கள் அமைப்புகள் பல காலம் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. அந்தத் திருத்தத்துக்குள்ளேயே 365அவையும் எடுத்தார்கள். தூக்கி எறிவதற்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் நடந்தது வேறு. ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஆள்’ என்று போட்டார்கள். அவ்வளவுதான். நூற்றுப் பத்து வருசத்துக்கு மேலாகச் சட்டம் கண்டுகொள்ளாத பெண்கள் ஒரே இரவில் குற்றவாளிகளானார்கள். சமத்துவத்தை இப்படியும் கொடுக்கலாம் போல!

‘இந்தச் சட்டத்திலை ஆரைத்தான் பிடிச்சு உள்ளை போட்டவங்கள்?’ எண்டு கேட்கிற ஆக்கள் உண்டு. தண்டனை பெற்றவர்களின் தொகை குறைவு என்பது சரிதான். ஆனால் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை, பத்திரிகைப் பேரவைக்குப் போனால் போதும்.

1995இல் ஷேர்மன் டி ரோஸ் என்பவர் கொழும்பில் ‘கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். தன்பாலீர்ப்பாளருக்காக வெளிப்படையாக இயங்கின முதல் அமைப்புகளில் ஒன்று. 1999இல் பெண்களை விரும்பும் பெண்கள் ஒரு மாநாடு கூட்டப் போவதாகச் செய்தி வந்தது. உடனே கொழும்பு ஆங்கில நாளிதழ் ஒன்றில் வாசகர் கடிதம். அந்த மாநாட்டுக்குள் வல்லுறவுக் குற்றவாளிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். எழுதினவரை விடுங்கள், அச்சுக் கோத்து வெளியிட்டிருக்கிறார்கள்.

டி ரோஸ் இலங்கைப் பத்திரிகைப் பேரவையில் முறைப்பாடு செய்தார். 2000இல் தீர்ப்பு வந்தது. பெண்கள் பெண்களை விரும்புவதுதான் வக்கிரம், அது நாட்டின் சட்டப்படி குற்றம், ஆகவே அதற்கு எதிராக எழுதினதில் பிழை இல்லை என்ற போக்கில் பேரவை முடிவு செய்தது. முறைப்பாடு தள்ளுபடி. செலவுத்தொகையை டி ரோஸே கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. ஐந்து வருசத்துக்கு முன் மாற்றின அந்த ஒற்றைச் சொல் எங்கே வந்து நின்றது என்று பாருங்கோ. ஒரு பெண்ணைக்கூடச் சிறைக்கு அனுப்பாமலே, வல்லுறவு மிரட்டலைக் கருத்துச் சுதந்திரமாக்கிவிட்டது.

இதையெல்லாம் கண்ட பிறகும் அவர்கள் அடங்கிப் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ரோசானா ஃபிளேமர் கல்தேரா 1999இல் பெண்களுக்கான ஆதரவுக் குழுவைத் தொடங்கினவர்களில் ஒருவர். 2004இல் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பை நிறுவினார். அடுத்த வருசமே கொழும்பில் பெருமித விழா தொடங்கியது. ஊர்வலம் போகவில்லை, அது புத்திசாலித்தனமும்கூட. கடற்கரையில் வானவில் நிறப் பட்டம் விட்டார்கள். பட்டம் விடுகிறவனை எந்தப் பிரிவில் பிடிக்கிறது?

நீதிமன்றமும் மெல்ல அசைந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம், இரண்டு ஆண்கள் மீதான பழைய வழக்கொன்றில், வளர்ந்தவர்களின் சம்மதமான உறவுக்குள் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்கிற கருத்தை ஏற்றது. ஆனால் சட்டம் இருக்கிறபடியால் குற்றத்தீர்ப்பை எடுக்கவில்லை, சிறைத்தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக்கியது. அரைக் கதவு திறந்த மாதிரி.

கல்தேரா ஜெனீவாவுக்குப் போனார். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா குழுவிடம் 2018இல் கொடுத்த முறைப்பாட்டுக்கு 2022இல் பதில் வந்தது: பெண்களுக்கிடையிலான சம்மத உறவைக் குற்றமாக்குவது உடன்படிக்கையை மீறுவது, இலங்கை அதை நீக்க வேண்டும். அந்தக் குழு இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. யோசித்தால் விசித்திரம்தான். 1995இல் பெண்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இந்த முறைப்பாட்டைக் கொடுக்க வழியே இருந்திருக்காது.

2023 மே மாதம், இந்தப் பிரிவுகளைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொண்டுவந்தவர் பிரேம்நாத் தொலவத்த, அப்போதைய ஆளுங்கட்சி உறுப்பினர். ஆனால் 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்படும் வரை அது நிறைவேறவில்லை.

யாழ்ப்பாணத்திலும் அண்மை ஆண்டுகளில் பெருமித நடை நடக்கிறது. திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளரும் பதாகை பிடித்து வீதியில் நடக்கிறார்கள். ‘இது எங்கடை பண்பாடு இல்லை’ எண்டு கத்துகிறவர்கள் கத்துகிறார்கள். 365அவும் யாருடைய பண்பாடு என்று அவர்கள் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.